படிக்கட்டுகளும் சமத்துவமும்

(அண்ணனூரில் நடைபெற்ற நம் கல்விச் சங்க வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



வெள்ளி விழாவில் பேச வருவோர் சங்கத்தின் சாதனைகளை எடுத்துரைப்பது மரபு. அப்பணியைச் செயலாளர் அவர்கள் தம் ஆண்டறிக்கையில் குறைவறச் செய்து முடித்துவிட்டார்கள். மாலை நேர வகுப்புகள், பாடநூல் வங்கி, கல்லூரி சேரும் பிள்ளைகளுக்கான உதவித்தொகை என அனைத்தையும் நீங்கள் கேட்டீர்கள்; கைதட்டினீர்கள். ஆகவே எனக்கு எஞ்சியிருப்பது சற்றுக் கசப்பான ஒரு செய்தி. மருந்தைக் கொடுக்கும்போது முகத்தைச் சுளிக்கக்கூடாது என்பார்கள். நானும் சுளிக்காமல் கூற முயல்கின்றேன்.

மூன்றாண்டுகளுக்கு முன் இதே மன்றத்தில், இதே மேடையில், நம் ஆண்டு விழா நடந்தது. சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே பட்டப்படிப்பை முதல் வகுப்பில் முடித்த நம் சமுதாயப் பெண் ஒருவருக்குப் பரிசளிக்க அழைத்திருந்தோம். பெயர் படிக்கப்பட்டது. மேடையோ நான்கடி உயரம். ஒரு கணம் எவருக்கும் என்ன செய்வதென்று புரியவில்லை. பிறகு நான்கு தம்பிகள் ஓடிச்சென்று அவரை நாற்காலியோடு சேர்த்துத் தூக்கி மேடையில் ஏற்றினார்கள். மன்றமே எழுந்து நின்று கைதட்டியது. நானும் தட்டினேன். என் கண்கள் கலங்கின என்பதையும் மறைக்கவில்லை. புகைப்படம்கூட எடுத்தோம், அது நம் அலுவலக அறையில் மாட்டப்பட்டுள்ளது.

அந்தப் பெண் அதற்குப் பிறகு நம் சங்கத்தின் எந்த நிகழ்ச்சிக்கும் வரவில்லை. அடுத்த ஆண்டு அழைப்பிதழ் கொடுக்கச் சென்றபோது அவர் தாயாரிடம் காரணம் கேட்டேன். அம்மையார் தயங்கித் தயங்கிக் கூறினார்: “தூக்கும்போது நாற்காலி சாய்ந்துவிட்டதுங்க ஐயா. விழுந்துவிடுவோம் என்ற பயம் ஒரு பக்கம், ஆம்பளைப் பிள்ளைங்க தூக்கிட்டுப் போறதை ஊரே பார்க்குதே என்ற கூச்சம் ஒரு பக்கம். பரிசை எல்லாப் பிள்ளைங்களுக்கும் கீழேயே கொடுத்திருக்கலாமே என்று அன்றைக்கு ராத்திரி முழுக்கக் கேட்டாள்.”

“எனக்கு மட்டும் கீழே கொடுத்திருக்கலாம்” என்று அவர் கேட்கவில்லை. “எல்லாருக்கும்” என்றே கேட்டார். முப்பதாண்டுகள் ஆசிரியப் பணி ஆற்றியவன் நான். அந்த ஒரு சொல்லில் அவர் எனக்குக் கற்பித்த பாடத்தை எந்தப் பயிற்சி முகாமும் எனக்குக் கற்பிக்கவில்லை.

அவையோரே, வாசலுக்கு வெளியே நிற்பது என்னவென்று நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. அண்ணல் அம்பேத்கர் சத்தாராவில் பள்ளி மாணவராக இருந்தபோது, தாம் அமர்வதற்கென்று ஒரு கோணிப்பையை வீட்டிலிருந்து கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. தாகம் எடுத்தால் பள்ளிக் கடைநிலை ஊழியர் வந்து குழாயைத் திறந்துவிட வேண்டும். அவர் வராத நாளில் தண்ணீர் இல்லை. குழாயும் இருந்தது, நீரும் இருந்தது, சிறுவனின் கையிலும் குறையில்லை. தடை வேறெங்கோ இருந்தது. 1924ஆம் ஆண்டு சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் கொண்டுவந்த தீர்மானத்தை நம் சங்கத்தில் அறியாதார் இலர். பொதுச்சாலையில் நடக்கவும், பொதுக்கிணற்றையும் அரசு அலுவலகங்களையும் அணுகவும் எந்த வகுப்பினருக்கும் தடையில்லை என்று அது கூறிற்று. நூறாண்டுகள் கடந்துவிட்டன. சாலை திறந்தது. ஆனால் அச்சாலையின் முடிவில் இருக்கும் அலுவலகத்தில் ஆறு படிகள் உள்ளன. அந்தப் பெண்ணுக்கு அந்தத் தீர்மானம் இன்னும் வந்து சேரவில்லை.

இதனை வேறொரு நாட்டில் வேறு சிலர் கண்டறிந்தார்கள். இங்கிலாந்தில் பால் ஹண்ட் என்பவர், ஊனமுற்றோர் விடுதியில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர், 1972இல் ஒரு நாளிதழுக்கு எழுதிய கடிதத்தின் வழியாகத் தம்மைப் போன்றோரை ஒன்று திரட்டினார். அவ்வாறு உருவான சங்கம் 1976இல் வெளியிட்ட கொள்கை அறிக்கை, உடலின் குறை வேறு, அக்குறையுடையோரைச் சமுதாயம் முடக்கி வைப்பது வேறு என்று பிரித்துக் காட்டியது. கால் நடக்காதது உடலின் செய்தி. படிக்கட்டு மனிதன் கட்டியது. நம் முன்னோர் இதைத்தான் வேறு சொற்களில் கூறினார்கள்: பிறப்பில் இழிவில்லை, இழிவு கற்பித்தவனிடம் உள்ளது. ஆகவே இந்தக் கருத்து நமக்கு அயலானதன்று.

ஆனால் ஒன்றை நான் ஒளிக்காமல் கூறவேண்டும். ஒடுக்கப்பட்டவன் என்பதனாலேயே ஒருவன் மற்றவனை ஒடுக்காமல் இருந்துவிடுவதில்லை. நம் வீடுகளிலேயே “நொண்டி”, “செவிடு” என்ற பெயர்களால் பிள்ளைகளை அழைக்கின்றோம். சாதிப் பெயர் சொல்லி நம்மை எவனேனும் அழைத்தால் காவல் நிலையம் செல்கின்றோம்.

எண்ணிக்கையையும் கூறிவிடுகின்றேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஊனமுற்றோர் ஏறத்தாழ 2 கோடியே 68 இலட்சம். மொத்த மக்களில் நூற்றுக்கு 2.21 பேர். பட்டியல் சாதியினரில் மட்டும் கணக்கிட்டால் நூற்றுக்கு 2.45. வேறுபாடு சிறிதாகத் தோன்றும். ஆனால் அது எங்கிருந்து வருகின்றது என்று எண்ணிப் பாருங்கள். பேறுகாலத்தில் உரிய மருத்துவம் கிடைக்காத தாய், சத்துணவு கிடைக்காத குழந்தை, பாதுகாப்பற்ற வேலை. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் பவர் பிரஸ் இயந்திரத்தில் விரல்களைப் பறிகொடுத்தவர்கள் நம் தெருக்களில் எத்தனை பேர்! என் பள்ளியில் மதிப்பெண் பட்டியலில் கையொப்பமிட வரும் தந்தையரில் சிலர் எழுதுகோலை இடக்கையால் பிடிப்பார்கள். அவர்களை எவரும் மாற்றுத்திறனாளி என்று கருதுவதில்லை, அவர்களே கருதுவதில்லை. “பிரஸ்ஸில் போயிடுச்சு சார்” என்பதோடு அச்செய்தி முடிந்துவிடுகின்றது.

இனி என் சொந்தப் பிழை ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் டிசம்பர் 3ஆம் நாள், உலக மாற்றுத்திறனாளிகள் நாளன்று, என் பள்ளியில் விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்தினேன். ஒன்பதாம் வகுப்பு மாணவர்களின் கண்களைத் துணியால் கட்டி வகுப்பறையிலிருந்து குடிநீர்த் தொட்டி வரை நடக்கச் செய்தேன். தடுக்கி விழுந்தார்கள், சிரித்தார்கள், சிலர் அழுதார்கள். நிகழ்ச்சி வெற்றி என்று எண்ணினேன். சிறப்பு விருந்தினராக வந்திருந்தவர் பார்வையற்ற ஓர் ஆசிரியர். நிகழ்ச்சி முடிந்ததும் தேநீர் அருந்தியவாறே மெல்லக் கேட்டார்: “தலைமையாசிரியர் அவர்களே, இப்பிள்ளைகள் இன்று என்ன கற்றார்கள்? பார்வை போன முதல் ஐந்து நிமிடத்தின் அச்சத்தைக் கற்றார்கள். நான் நாற்பதாண்டுகளாகப் பார்வையற்றவன். அந்த ஐந்து நிமிடத்தில் நான் வாழவில்லை. வீடு கட்டினேன், பிள்ளைகளை வளர்த்தேன், இன்று பேருந்தில் தனியாகத்தான் வந்தேன். உங்கள் பள்ளி வாசலில் சாக்கடை மூடி திறந்து கிடக்கின்றது. அதைச் சொல்லியிருந்தால் போதுமே.”

நான் என்ன விடை கூற முடியும்? மறுநாள் அந்த மூடியைப் போடச் செய்தேன். அவ்வளவுதான்.

பின்னர்த்தான் இது குறித்துப் படித்தறிந்தேன். 1980களில் இங்கிலாந்தில் ஊனமுற்றோர் தாமே பயிற்றுநர்களாகி, “ஊனமுற்றோர் சமத்துவப் பயிற்சி” என்ற முறையை உருவாக்கினார்கள். கண்ணைக் கட்டுவதும் சக்கர நாற்காலியில் அமர்த்தி விளையாட்டுக் காட்டுவதும் அவர்கள் முறையில் இல்லை. கருணையைத் தூண்டுவது பயிற்சியின் நோக்கமாகாது என்பது அவர்கள் துணிபு. பயிற்சிக்கு வந்தவர்களிடம் அவர்கள் கேட்பது இதுவே: உங்கள் அலுவலகத்தில், பள்ளியில், தொழிற்சாலையில் எது எவரைத் தடுக்கின்றது? அதனை அகற்றும் பொறுப்பு யாருடையது? எந்த நாளுக்குள் அகற்றுவீர்கள்? இம்முறை பின்னர் மலேசியா முதலிய நாடுகளுக்கும் பரவியது. “எங்களை விட்டுவிட்டு எங்களைப் பற்றி எதையும் முடிவு செய்யாதீர்கள்” என்ற முழக்கமும் உலகெங்கும் எழுந்தது. நமக்காக யார் பேசுவது என்ற வினாவைப் புனா ஒப்பந்தக் காலத்திலிருந்து கேட்டுவரும் சமுதாயம் நாம். அம்முழக்கத்தின் பொருள் நமக்கு உடனே விளங்கும்.

நம் நாட்டுச் சட்டமும் பயிற்சியை விட்டுவிடவில்லை. ஐக்கிய நாடுகள் அவையின் 2006ஆம் ஆண்டு உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. இருபத்தொரு வகை ஊனங்களை அது ஏற்கின்றது. அரசுப் பணியில் 4 விழுக்காடு, உயர்கல்வியில் 5 விழுக்காடு ஒதுக்கீடு தருகின்றது. இவையெல்லாம் பலரும் அறிந்தவை. ஆனால் அதன் 47ஆம் பிரிவை எவரும் பேசுவதில்லை. ஊராட்சி உறுப்பினர், சட்டமன்ற உறுப்பினர், நிருவாக அலுவலர், காவல்துறையினர், நீதிபதி, வழக்கறிஞர் ஆகியோருக்கான பயிற்சிகள் அனைத்திலும் ஊனமுற்றோர் உரிமை ஒரு பாடமாக இருக்க வேண்டும் என்று அது கட்டளையிடுகின்றது. ஆசிரியர், மருத்துவர், செவிலியர் படிப்புகளிலும் அவ்வாறே.

ஏன் நீதிபதிக்குக்கூடப் பயிற்சி என்று கேட்கலாம். 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் பட்டன் ஜமால் வலி வழக்கில் அளித்த தீர்ப்பைப் பாருங்கள். ஆந்திர மாநிலத்தில், பிறவியிலேயே பார்வையற்ற, பட்டியல் சாதியைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர் வன்கொடுமைக்கு உள்ளானார். குற்றவாளிக்கு விதிக்கப்பட்ட ஆயுள் தண்டனையை நீதிமன்றம் உறுதி செய்தது. ஆனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படியான தண்டனை நிலைக்கவில்லை. சாதியின் காரணமாகவே குற்றம் நிகழ்ந்தது என்பதற்கு அக்காலச் சட்டம் கேட்ட சான்று இல்லை. பெண் என்பது தனியாக, பார்வையின்மை தனியாக, சாதி தனியாக என்று அந்தப் பெண் மூன்றாகப் பிரிந்து வாழவில்லையே! ஒருவர்மீது பல ஒடுக்குமுறைகள் ஒருசேர இறங்கும்போது அவற்றைத் தனித்தனியே பிரித்துப் பார்ப்பது உண்மைக்கு மாறானது என்பதைத் தீர்ப்பு விரிவாக ஆராய்ந்தது. இத்தகைய வழக்குகளைக் கையாள நீதிபதிகளுக்கும் அரசு வழக்கறிஞர்களுக்கும் காவல்துறையினருக்கும் பயிற்சி வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. நம் சமுதாயத்தில் வழக்கறிஞர் தொழிலுக்குச் செல்லும் தம்பிகளும் தங்கைகளும் இத்தீர்ப்பை முழுமையாகப் படிக்க வேண்டுகின்றேன்.

இங்கே ஒரு மாறுபட்ட கருத்தையும் கூறிவிடுகின்றேன். நகரத்துப் பெரிய நிறுவனங்களில் இன்று சமத்துவம், பன்முகத்தன்மை என்று பயிற்சிகள் நடத்துகின்றார்கள். வண்ணப் படங்கள் காட்டுகின்றார்கள். பாலினம் பேசுகின்றார்கள், ஊனம் பேசுகின்றார்கள். சாதி என்ற சொல் வந்ததும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அடுத்த படத்திற்குச் சென்றுவிடுகின்றார்கள். இது இங்கு மட்டும் நிகழ்வதன்று. பிரிட்டனின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் வயது, ஊனம், இனம் முதலிய ஒன்பது இயல்புகளைப் பாதுகாக்கின்றது. சாதியையும் அதில் சேர்க்கப் பாராளுமன்றம் 2013இல் வழி செய்தும், 2018இல் அந்நாட்டு அரசு அதனைக் கைவிட்டது. ஆகவே பயிற்றுநர் நாற்காலியில் நம்மவர் அமரும் வரை இந்தப் பாடம் முழுமை பெறாது என்பது என் எண்ணம்.

அந்த நாற்காலியில் அமர்பவரின் பணி என்ன? சொற்பொழிவைவிட அளவுநாடாவுக்கே அங்கு வேலை அதிகம். என் பள்ளியையே எடுத்துக்கொள்வோம். எங்கள் பள்ளி தேர்தல் காலத்தில் வாக்குச்சாவடி. வாக்குச்சாவடிகளில் சாய்தளம் அமைக்க 2004இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன் பயனாக எங்களுக்கும் ஒரு சாய்தளம் கிடைத்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாக்களிக்க வரும் முதியவருக்காகக் கட்டியதில் நாள்தோறும் வரும் மாணவனும் ஏறலாம் என்று மகிழ்ந்தேன். ஏறிப் பார்த்தால் அது குழந்தைகள் சறுக்கி விளையாடத்தான் உதவும்! ஓரடி உயரம் ஏறப் பன்னிரண்டடி நீளம் வேண்டும் என்பது கணக்கு. நம் சங்க நூலகத்தின் வாசலில் ஆறு அங்குலப் படிகள் மூன்று; ஆக ஒன்றரை அடி. அதற்குப் பதினெட்டு அடி நீளத்தில் சாய்தளம், இருபுறமும் கைப்பிடி, மேலே திரும்புவதற்குச் சமதளம். கதவு 90 சென்டிமீட்டர் அகலம். கொத்தனாரிடம் “சாய்தளம் போடு” என்று மட்டும் சொன்னால் அவர் நான்கடியில் முடித்துவிடுவார். அவர்மீது குற்றமில்லை, அவருக்கு எவரும் கூறவில்லை. உரியவரைக் கேட்டுக் கட்டுவதற்கும் கேளாமல் கட்டுவதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

சென்னை மெரினாவில் சக்கர நாற்காலி கடல் அருகே செல்லும் மரப்பாதை 2022 நவம்பரில் திறக்கப்பட்டது. இரண்டு வாரங்களில் மாண்டஸ் புயல் அதனைச் சேதப்படுத்தியது, பிறகு செப்பனிட்டார்கள். தாழ்தளப் பேருந்துகள் 2024இல் சென்னைச் சாலைகளுக்கு வந்ததும், உரிமை ஆர்வலர்கள் உயர் நீதிமன்றம் வரை சென்று வாதாடிய பின்னர்தான். 2025இல் உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்கத் தமிழகச் சட்டமன்றம் சட்டத் திருத்தம் செய்தது. அங்கே சென்று அமரப்போகும் உறுப்பினருக்குத் தம் ஊராட்சியின் கட்டடத்தை அளந்து கேள்வி கேட்கத் தெரிந்திருக்க வேண்டாமா?

இளைஞர்களுக்கு இதில் வாழ்வாதாரமும் உண்டு. மேற்படிச் சட்டம் தனியார் நிறுவனங்களும் சமவாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும் என்கின்றது. இருபது அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களைக் கொண்ட நிறுவனம் இதற்கெனத் தொடர்பு அலுவலர் ஒருவரையும் அமர்த்த வேண்டும். அம்பத்தூரிலும் ஆவடியிலும் அத்தகைய தொழிற்கூடங்கள் எத்தனை! அவர்களில் பலருக்கு அக்கொள்கையை எழுதிக் கொடுக்கவும் இயந்திரங்களையும் கழிவறையையும் பார்த்து ஆலோசனை கூறவும் ஆள் தேவை. கற்பதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. பூவிருந்தவல்லியில் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளியும், தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் உள்ளன. முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகின்றது. சென்னையில் 1985இல் தொடங்கப்பட்ட வித்யாசாகர் போன்ற அமைப்புகள் இத்துறையில் நீண்ட பட்டறிவு உடையவை. சைகை மொழி, சிறப்புக் கல்வி என்று இந்திய மறுவாழ்வுக் குழுமம் ஏற்ற படிப்புகள் உள்ளன. பொறியியல் படித்துவிட்டு வேலையின்றி இருக்கும் தம்பிகள் இதனை எண்ணிப் பார்க்கட்டும். ஊனமுடைய தம்பி தங்கைகள் முதலில் எண்ணிப் பார்க்கட்டும். அவர்கள் பட்டறிவுக்கு ஈடாகும் பட்டம் எதுவுமில்லை. ஆனால் அப்பட்டறிவை இலவசமாக எவருக்கும் கொடுத்துவிடாதீர்கள். வல்லுநருக்குக் கட்டணம் உண்டு. நம்மவர் உழைப்பை அன்பின் பெயரால் இலவசமாகப் பெறுவது பழைய வழக்கம்.

சான்றிதழ் பற்றி ஒரு சொல். சாதிச் சான்றிதழுக்கு நம் பெற்றோர் அலையும் அலைச்சலில் பாதியைக்கூட ஊனச் சான்றிதழுக்கும் தனித்துவ அடையாள அட்டைக்கும் அலைவதில்லை. 40 விழுக்காடும் அதற்கு மேலும் ஊனமென மதிப்பிடப்பட்ட பிள்ளைக்கு 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. சங்கத்தின் மாலை வகுப்புத் தொண்டர்கள் இவ்விண்ணப்பங்களை நிரப்பித் தர முன்வந்தால் நல்லது.

நான் வந்த செய்திக்கு வருகின்றேன். வெள்ளி விழா நினைவாக மாடியில் படிப்பகம் ஒன்று கட்டுவதென்று பொதுக்குழு முடிவு செய்துள்ளது. வரைபடத்தைச் செயலாளர் எனக்குக் காட்டினார். நல்ல வரைபடம், காற்றும் வெளிச்சமும் உண்டு. மேலே செல்லப் பதினெட்டுப் படிகள். மின்தூக்கிக்குப் பணமில்லை என்பது எனக்குத் தெரியும். அப்படியாயின் படிப்பகத்தைக் கீழ்த்தளத்திலும், இப்போது கீழே இருக்கும் அலுவலகத்தையும் பொருள் அறையையும் மாடியிலும் வைக்கக்கூடாதா? படி ஏற வேண்டியவர்கள் செயலாளரும் நானுமாக இருந்துவிட்டுப் போகட்டும்.

இதை நானே முடிவு செய்து கூறுவதும் முறையன்று. அந்தப் பெண்ணுக்குச் சென்ற வாரம் கடிதம் எழுதியிருக்கின்றேன். மூன்றாண்டுகளுக்கு முன் நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். நம் கட்டடத்தை ஒருநாள் வந்து அளந்து, எங்கெங்கு எவர் தடுக்கப்படுகின்றார் என்று எழுதித் தர வேண்டினேன்; அதற்குரிய கட்டணம் எவ்வளவு என்றும் கேட்டுள்ளேன். இதுவரை மறுமொழி வரவில்லை. வரும் வரை அடிக்கல் நாட்டு விழாவைத் தள்ளிவைக்குமாறு பொதுக்குழுவை வேண்டுகின்றேன். அலுவலக அறையில் மாட்டியிருக்கும் அந்தப் புகைப்படத்தையும் இன்று மாலையே எடுத்துவிடலாம்.